இசன்ஹைம் பலிபீட ஓவியத்தில் நோயுடலும் ஆறுதலும்: ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ள இசன்ஹைம் பலிபீட ஓவியத் தொகுதி 1512க்கும் 1516க்கும் இடையில் கிரூனெவால்ட் என்று அறியப்படும் ஓவியரால் தீட்டப்பட்டது. நோயாளிகளைப் பேணிய துறவியர் இல்லத்தின் கோயிலுக்காக இது உருவாக்கப்பட்டது. ஆதலால், துன்புறும் கிறித்துவிடம் நோயாளி தன்னையே கண்டு ஆறுதல் பெற்றான் என்னும் விளக்கம் இன்று நிலைபெற்றுள்ளது. இவ்விளக்கம் மூடிய நிலையிலுள்ள சிலுவைக் காட்சியை மட்டுமே பெரிதும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. மூன்று நிலைகளையும் வரிசையாக நோக்கினால், இத்தொகுதியின் உள்ளடுக்கில் விடை எழுதப்படாத ஒரு கேள்வி இடம்பெற்றிருப்பது தெரியவரும். அக்கேள்வியைக் கணக்கில் கொள்ளாத ஆறுதல் வாசிப்பு முழுமையுடையதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பலிபீட ஓவியம், இசன்ஹைம், கிரூனெவால்ட், வனத்து அந்தோணியார், நோயும் கலையும், வட ஐரோப்பியக் கலை.

1. முன்னுரை

இடைக்காலத்தின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே உருவான பலிபீட ஓவியங்களுள் பெரும்பாலானவை ஒரே பலகையில் அமைந்தவை அல்ல. நடுப்பகுதியை மூடித் திறக்கும் கதவுப் பலகைகளை அவை கொண்டிருந்தன. கதவுகளின் வெளிப்புறத்தில் ஒரு காட்சியும் உட்புறத்தில் வேறொரு காட்சியும் தீட்டப்பட்டன. பொதுநாள்களில் மூடியிருந்த பீடம் திருவிழா நாள்களில் திறக்கப்பட்டது. 1432இல் நிறைவுற்ற கென்ட் நகரப் பலிபீட ஓவியமும், 1489இல் முடிவுற்ற கிராக்கோ நகர மரியாள் பீடமும் இவ்வமைப்பின் சிறந்த சான்றுகள். காணும் நாளைப் பொறுத்துக் காட்சி மாறியது. ஆகவே இவற்றை ஓவியங்கள் என்பதோடு, திருவழிபாட்டு ஆண்டின் நாள்காட்டிகள் என்றும் கூறலாம்.

இசன்ஹைம் தொகுதி இம்மரபின் முதிர்ந்த நிலையில் தோன்றியது. இதில் இரு இணைக் கதவுகள் உள்ளமையால் காட்சி நிலைகள் மூன்றாகின்றன. இன்று அருங்காட்சியகத்தில் பலகைகள் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே நிற்கின்றன. பார்வையாளர் சில நிமிடங்களில் மூன்று நிலைகளையும் சுற்றிவந்து காணலாம். அச்சு நூல்களிலோ பெரும்பாலும் சிலுவைக் காட்சி ஒன்றே இடம்பெறுகிறது. இவ்விரண்டும் இத்தொகுதியைப் பற்றிய நம் புரிதலை எவ்வாறு வடிவமைத்துள்ளன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இல்லமும் நோயும்

இசன்ஹைம், கோல்மாருக்குத் தெற்கே அல்சாஸ் பகுதியிலுள்ள சிற்றூர். அங்கிருந்த இல்லம் அந்தோணியார் சபைத் துறவியருக்கு உரியது. இச்சபை 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கிழக்குப் பிரான்சில் தோன்றியது. தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று வழங்கும் எகிப்தியத் தவமுனிவரே இதன் பாதுகாவலர். தமிழகத்திலும் இலங்கையிலும் பெரிதும் வணங்கப்படும் பதுவைப் பதியர் இவரின் வேறானவர்.

இச்சபையார் பேணிய நோய் ‘அந்தோணியார் நெருப்பு’ எனப்பட்டது. ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் எர்காட் பூஞ்சை மாவோடு கலந்து ரொட்டியில் சேரும்போது இந்நோய் உண்டாகிறது. குருதி நாளங்கள் சுருங்குவதால் கைகால்களில் தீப்பற்றியது போன்ற எரிச்சல் எழும். பின்னர் உறுப்புகள் கறுத்து அழுகும். சிலருக்கு வலிப்பும் உருவெளித் தோற்றங்களும் ஏற்படும். நோயின் காரணம் ரொட்டியே என்பது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவ உலகிற்குத் தெளிவாயிற்று. அதுவரை அந்தோணியாரே நோயை ஆற்றுபவராகவும், சினந்தால் அதனை அனுப்புபவராகவும் கருதப்பட்டார். இவ்விரட்டைத் தன்மை தொகுதியைப் படிக்கும்போது மறக்கத்தகாதது.

சபையார் நல்ல ரொட்டியும் பன்றி இறைச்சியும் அளித்தனர். மூலிகைக் களிம்பு பூசினர். புனிதரின் எலும்புகள்மேல் ஊற்றி எடுத்த திராட்சை இரசத்தைப் பருகக் கொடுத்தனர். அழுகிய உறுப்புகளை அறுத்து நீக்கினர். மாசற்ற ரொட்டி உண்மையிலேயே நோயைத் தணித்திருக்கும் என்பது இன்று நமக்குப் புலனாகிறது.

ஓவியங்களைத் தீட்டச் செய்தவர் இல்லத் தலைவர் குவிதோ குவெர்சி. உள்ளடுக்கின் மரச்சிற்பங்கள் ஹாகனாவ் ஊர் நிக்கோலாஸ் என்னும் சிற்பியால் அதற்கு முன்பே செதுக்கப்பட்டிருந்தன. ஓவியர், இருந்த சிற்பங்களைச் சூழ்ந்து தம் பலகைகளை அமைத்தார். தொகுதியின் கருவில் ஓவியம் இல்லை, சிற்பமே உள்ளது என்பது இதனால் பெறப்படுகிறது.

3. மூடிய நிலையும் ஆறுதல் வாசிப்பும்

மூடிய நிலையின் நடுவில் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட சிலுவைக் காட்சி. இருண்ட வெளியில் கிறித்துவின் உடல் மற்ற உருவங்களினும் பெரியதாகத் தொங்குகிறது. எடை தாங்காமல் குறுக்குமரம் வளைந்திருக்கிறது. விரல்கள் வானை நோக்கி விறைத்துள்ளன. தோல் முழுவதும் புண்கள். பலவற்றில் முள் முறிந்து நிற்கிறது. இடப்புறம் வெண்ணிற ஆடையில் சாயும் மரியாளை நற்செய்தியாளர் யோவான் தாங்குகிறார். மகதலா மரியாள் மண்டியிட்டுக் கைகளை முறுக்குகிறாள். வலப்புறம் திருமுழுக்கு யோவான் நீண்ட விரலால் சுட்டிக்காட்டி நிற்கிறார். பக்கப் பலகைகளில் கொள்ளை நோய்க்குப் பாதுகாவலராகிய செபஸ்தியாரும், அந்தோணியாரும். அடிப்பீடப் பலகையில் இறந்த கிறித்துவுக்காகப் புலம்பும் காட்சி.

பிரெஞ்சு எழுத்தாளர் ஹுயிஸ்மான்ஸ் 1905இல் இத்தொகுதியைப் பற்றி எழுதிய பக்கங்கள் இதன் கொடூர அழகை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகம் செய்தன. முதல் உலகப் போரின்போது பலகைகள் மூனிக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, போரில் சிதைந்த ஒரு தலைமுறை அவற்றின்முன் திரண்டது. ஒட்டோ டிக்ஸ் 1932இல் முடித்த போர் ஓவியத் தொகுதி கதவுப் பலகைகளோடும் அடிப்பீடத்தோடும் இவ்வமைப்பைப் பின்பற்றியது. ஆண்ட்ரே ஹேயம் 1989இல் வெளியிட்ட நூல் மருத்துவமனைச் சூழலை ஆய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தது. இவற்றின் தொடர்ச்சியாக ஓர் எளிய வாய்பாடு பொதுவாசிப்பில் உருவாயிற்று: நோயாளி தன் புண்களைக் கிறித்துவின் உடலில் கண்டான், ஆறுதல் பெற்றான்.

இவ்வாய்பாட்டிற்குத் துணையாக அடிக்கடி எடுத்துரைக்கப்படும் சான்று ஒன்று உண்டு. சிலுவைக் காட்சி இரு கதவுகளின்மேல் தீட்டப்பட்டது. கதவுகளைத் திறக்கும்போது கிறித்துவின் ஒரு கை உடலிலிருந்து பிரிகிறது. அடிப்பீடப் பலகையை இரு பக்கமும் நகர்த்தும்போது கால்கள் பிரிகின்றன. உறுப்பு அறுக்கப்பட்ட நோயாளிக்கு இது தன் நிலையைக் காட்டியது என்பர்.

இச்சான்றைச் சற்று நின்று எடைபோட வேண்டும். கதவுகளின் இணைப்பு நடுவில் வருவது தச்சமைப்பின் தேவை. ஓவியர் சிலுவையை நடுவிலிருந்து வலப்புறம் நகர்த்தியதால், இணைப்பு உடலை வெட்டாமல் கையை மட்டும் கடக்கிறது. அதாவது, கிறித்துவின் உடலைப் பிளவினின்று காப்பதே அவர் எடுத்த முடிவு என்று கொள்வதற்கும் சம அளவு இடமுண்டு. அடிப்பீடத்தில் கிடையாக நீண்ட உடலை நடு இணைப்பு எங்கேனும் கடந்தே ஆக வேண்டும். ஆகவே பிளவு என்பது ஓவியர் நோக்கத்திற்குச் சான்றாகாது. ஆயினும், காலிழந்த ஒருவன் அப்பிளவைக் கண்டு என்ன உணர்ந்திருப்பான் என்ற வினா எஞ்சி நிற்கிறது. படைத்தவர் கருதியது, பயன்கொண்டவர் உணர்ந்தது, பிற்காலத்தார் கண்டது ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதே ஆறுதல் வாசிப்பின் முதற்குறை.

இரண்டாவது குறை புண்களைப் பற்றியது. கிறித்துவின் உடலில் உள்ளவை சாட்டையடியின் காயங்கள். முறிந்த முட்களே அதைக் காட்டுகின்றன. அவற்றில் நோயின் சாயல் இருக்கலாம். ஆனால் நோயுற்ற மனிதன் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க உருவம் இத்தொகுதியில் வேறிடத்தில் உள்ளது. அவ்விடத்தை அடைய இரு கதவுகளையும் திறந்தாக வேண்டும்.

4. நடுநிலை: மாசற்ற தோல்

முதற்கதவைத் திறந்ததும் இருள் நீங்கி நிறங்கள் பெருகுகின்றன. இடப்புறம் மங்கள வார்த்தைக் காட்சி, நடுவில் இசைக்கும் வானதூதரும் குழந்தையை ஏந்திய மரியாளும், வலப்புறம் உயிர்த்தெழுதல். 2022இல் நிறைவுற்ற சீரமைப்புப் பணிக்குப் பின் இந்நிறங்களின் தெளிவு மேலும் கூடியுள்ளது.

இங்கு மூன்று செய்திகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, மரியாளின் அருகில் கட்டிலும் மரத்தொட்டியும் கழிகலமும் உள்ளன. இவை நோயாளியைப் பேணுவோர் நாள்தோறும் கையாண்ட பொருள்கள். இரண்டாவது, குழந்தையைச் சுற்றியுள்ள துணி கிழிந்தது. சிலுவையில் கிறித்துவின் இடையில் கட்டிய துணியும் கிழிந்தது. பிறப்பிலேயே இறப்பு நினைவூட்டப்படுகிறது. மூன்றாவது, உயிர்த்தெழும் கிறித்துவின் தோலில் ஐந்து திருக்காயங்களைத் தவிர வேறு வடு இல்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் நீலமும் கலந்த ஒளிவட்டத்தில் முகத்தின் எல்லைக்கோடே கரைந்துவிடுகிறது.

ஆறுதல் வாசிப்பு இந்நிலையோடு இயல்பாக முடிவடைய விரும்புகிறது: முதலில் புண், பின்னர் குணம். தொகுதி இத்துடன் முடிந்திருந்தால் அவ்வாசிப்பு பொருந்தியிருக்கும். ஆனால் இன்னும் ஒரு கதவு உள்ளது.

5. உள்நிலை: புனிதரும் நோயாளியும்

இரண்டாம் கதவு திறந்ததும் பொன்பூசிய சிற்பங்கள் வெளிப்படுகின்றன. நடுவில் அரியணையில் அந்தோணியார். இருபுறமும் அகுஸ்தினாரும் எரோணிமுஸும். அந்தோணியாரின் அருகே இரு சிறு உருவங்கள் சேவலையும் பன்றிக்குட்டியையும் காணிக்கையாகக் கொணர்கின்றன. சபையின் வாழ்வு மக்களின் காணிக்கையால் நடந்தது. அதைப் பீடம் மறைக்கவில்லை. ஆற்றவும் அழிக்கவும் வல்லவராகக் கருதப்பட்ட புனிதர், காணிக்கை ஏற்கும் அரசரைப் போல வீற்றிருக்கிறார்.

சிற்பங்களின் இருமருங்கிலும் ஓவியப் பலகைகள். ஒன்றில் அந்தோணியார், தமிழ்க் கத்தோலிக்கர் வனத்துச் சின்னப்பர் என வழங்கும் முதுமுனிவரைக் காணச் செல்கிறார். காகம் ரொட்டி கொண்டுவருகிறது. இருவர் காலடியிலும் நோய்க்கு மருந்தான மூலிகைகள் தனித்தனியே அடையாளம் காணும் அளவு நுட்பமாகத் தீட்டப்பட்டுள்ளன. அந்தோணியாரின் கீழே குவெர்சியின் குலச்சின்னம் உள்ளது. நோய் ரொட்டியால் வந்தது என்பதை அறிந்த நமக்கு, வானிலிருந்து வரும் ரொட்டி கசப்பான முரணாகத் தோன்றும். அம்முரண் நம் காலத்து அறிவால் விளைந்தது. அதை ஓவியர்மேல் ஏற்றுவது தகாது.

மறுபலகை அந்தோணியாரின் சோதனை. முதியவர் தரையில் கிடக்கிறார். பேயுருக்கள் அவர் முடியைப் பற்றி இழுக்கின்றன, கையைக் கடிக்கின்றன, தடியால் ஓங்குகின்றன. பலகையின் கீழ் இடமூலையில் ஓர் உருவம் மல்லாந்து சாய்ந்துள்ளது. வயிறு வீங்கி, உடலெங்கும் கொப்புளங்கள். கால்விரல்கள் நீர்ப்பறவையின் பாதம்போல் சவ்வால் இணைந்துள்ளன. முகமும் வலியும் மனிதனுடையவை. பாதமோ பேயினத்தைச் சேர்ந்தது. நோயுடல் இத்தொகுதியில் வெளிப்படையாகத் தோன்றும் இடம் இதுவே.

இவ்வுருவம் சிலுவையின் அடியில் வைக்கப்படவில்லை. மீட்பரின் ஒளியிலும் இல்லை. பேய்களின் கூட்டத்தில் பாதி பேயாக உள்ளது. நோயாளி தன்னைக் கிறித்துவில் கண்டான் என்று கூறும் வாசிப்பு, அவன் தன்னை இவ்வுருவிலும் கண்டிருக்கக்கூடும் என்பதை ஏற்றாக வேண்டும். நோய் மனிதனை மனிதர் வரிசையிலிருந்து வெளியேற்றிவிடும் என்ற அச்சத்தை இம்மூலை ஒளிக்காமல் காட்டுகிறது.

6. மூன்று நிலைகள், மூன்று எழுத்துகள்

இத்தொகுதியில் எழுத்து இடம்பெறும் விதம் நம் வாதத்திற்கு இன்றியமையாதது. சிலுவையின் உச்சியிலுள்ள வழக்கமான பெயர்ப்பலகையை நீக்கிப் பார்த்தால், ஒவ்வொரு நிலையிலும் படிக்கத்தக்க ஓர் இலத்தீன் வாசகம் உண்டு.

மூடிய நிலையில், திருமுழுக்கு யோவானின் சுட்டுவிரலின் அருகே, தாம் குறைந்து கிறித்து வளர வேண்டுவதைக் கூறும் நற்செய்தி வாக்கு. இது சாட்சி. நடுநிலையில், மரியாளின் முன் விரிந்துள்ள நூலில், கன்னி கருவுறுவதைப் பற்றிய எசாயாவின் வாக்கு. இது முன்னறிவிப்பு. உள்நிலையில், சோதனைப் பலகையின் கீழ் வலமூலையில் ஒரு தாள் தீட்டப்பட்டுள்ளது. அதில் அந்தோணியார் இயேசுவிடம் முறையிடுகிறார்: அவர் எங்கே இருந்தார், தம் புண்களை ஆற்ற ஏன் வரவில்லை என்பதே முறையீட்டின் பொருள். இது கேள்வி.

அந்தோணியாரின் வரலாற்றுக் கதையில் இக்கேள்விக்கு விடை உண்டு. இயேசு அங்கேயே இருந்ததாகவும், அவருடைய போராட்டத்தைக் காணக் காத்திருந்ததாகவும் அக்கதை கூறும். ஓவியர் விடையை எழுதவில்லை. வானில் மிகச் சிறிதாகப் பொன்னொளியில் இறைவன் தோன்றுகிறார். வானதூதர் பேய்களோடு பொருதுகின்றனர். விடை இருக்கிறது என்றே கொள்ளலாம். எனினும் அது தொலைவில், உயரத்தில், சிறிதாக உள்ளது. கேள்வியோ தரையில், கண்ணுக்கு அருகில், படிக்கும் எழுத்தில் உள்ளது. கேள்வியின் சொற்களில் புண்ணும் ஆற்றுதலும் வருவது தற்செயலாகாது. அச்சொற்களை அன்றாடம் உச்சரித்தோர் வாழ்ந்த இல்லம் அது.

விரலால் சுட்டி உறுதி கூறும் குரலில் தொடங்கிய தொகுதி, புனிதரின் முறையீட்டில் வந்து நிற்கிறது. திறக்கத் திறக்க ஆறுதல் பெருகுகிறது என்னும் எளிய ஏறுவரிசை இங்கே முறிகிறது.

7. போனுடன் ஓர் ஒப்பீடு

இதன் தனித்தன்மை மற்றொரு மருத்துவமனைப் பீடத்தோடு ஒப்பிடும்போது துலங்கும். பர்கண்டியின் போன் நகரில் 1443இல் நிக்கோலா ரோலன் நிறுவிய மருத்துவமனைக்காக ரோஹியர் வான் டெர் வைடன் ஒரு பெரும் பீட ஓவியத்தைத் தீட்டினார். அதன் வெளிப்புறத்திலும் செபஸ்தியாரும் அந்தோணியாரும் சாம்பல் நிறத்தில் சிலைபோல் நிற்கின்றனர். உட்புறம் திறந்தால் இறுதித் தீர்வை: மிக்கேல் தூதர் ஆன்மாக்களை நிறுக்கிறார், ஒருபுறம் மீட்பு, மறுபுறம் எரியும் பள்ளம். படுக்கைகள் வரிசையாக இருந்த பெருங்கூடத்தின் கோடியில் அமைந்த கோயிலில் அது நின்றது. சாவை எதிர்நோக்கிய நோயாளிக்குத் தன் கணக்கை முடித்துக்கொள்ள அது நினைவூட்டியது.

பாதுகாவலரான புனிதர் இருவரும் பொதுவாக இருந்தும், இசன்ஹைமில் தீர்வைக் காட்சி இல்லை, தராசு இல்லை, நரகமும் இல்லை. பேய்கள் உண்டு, ஆனால் அவை பாவிகளை விட்டுப் புனிதரையே வதைக்கின்றன. இவ்வேறுபாடு சிறிதன்று. போனின் பீடம் நோயாளியை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது. அவன் விடை சொல்ல வேண்டியவன். இசன்ஹைமின் உள்ளடுக்கிலோ துன்புற்றவர் இறைவனை நோக்கிக் கேட்கிறார். துன்பம் குற்றத்தின் தண்டனை என்னும் கருத்து வலுவாக இருந்த காலத்தில், குற்றமற்றவர் என்று போற்றப்பட்ட ஒருவரையே வதைபடுபவராகக் காட்டியமை கருதத்தக்கது.

8. ஒரு மறுப்பும் விடையும்

தலைமைப் பீடத்தின்முன் நாள்தோறும் நின்று மன்றாடியவர்கள் துறவியர், நோயாளிகள் அல்லர். ஆகவே உள்நிலையின் கேள்வி நோயாளிக்கு எட்டியதா என்று ஒருவர் வினவலாம். இம்மறுப்பு வலுவானது, ஆனால் அது ஆறுதல் வாசிப்பையே முதலில் தாக்குகிறது. நம் வாசிப்பை அது வேறொரு திசையில் உறுதிப்படுத்துகிறது. கேள்வி எழுதப்பட்ட தாளைப் படிக்க இலத்தீன் தேவை. அதைப் படித்தவர்கள் முதன்மையாகத் துறவியரே. தம் புனிதரின் பெருமை பொன்னால் ஒளிரும் நாளிலும், அவர் கைவிடப்பட்டவராய் உணர்ந்த பொழுதை அவர்கள் படிக்க நேர்ந்தது. உறுப்பை அறுக்கும் கையும் களிம்பு பூசும் கையும் அவர்களுடையவை. தம் பராமரிப்பால் எல்லோரும் குணமடையவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அக்கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டமை, நோயாளியின் முறையீட்டை நிந்தனையாகக் கொள்ளாமல் செவிமடுக்க அவர்களைப் பழக்கியிருக்கக்கூடும்.

9. முடிவுரை

இசன்ஹைம் தொகுதி ஆறுதல் தரவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவன்று. உயிர்த்தெழுந்த உடலின் ஒளியைக் கண்டவர் அதை மறுக்க இயலாது. ஆறுதலின் இயல்பு பற்றியே நம் கருத்து வேறுபடுகிறது. துன்புறும் கடவுளைக் கண்டு நோயாளி அமைதியடைந்தான் என்று நாம் எழுதும்போது, இறந்துபோன மனிதரின் வலியை அவர்கள் சார்பில் நாமே முடித்துவைக்கிறோம். தொகுதி அவ்வாறு செய்யவில்லை. சாட்சியையும் முன்னறிவிப்பையும் கடந்து, புனிதரின் வாயிலாகவே ஒரு முறையீட்டைப் பீடத்தின் உள்ளே வைத்து, விழாநாளில் திறந்து காட்டியது.

கதவுகள் இன்று அசைவதில்லை. சிலுவைக் காட்சியை மட்டும் அச்சிட்டுப் பரப்பும் வழக்கமும் தொடர்கிறது. வட ஐரோப்பியப் பலிபீட ஓவியங்களைத் தமிழில் அறிமுகம் செய்வோர் ஒரு பலகையைக் கொண்டு முழுமையை உரைக்காமல், நிலைகளின் வரிசையையும் அவற்றிடையே கழிந்த நாள்களையும் சேர்த்தே விளக்குதல் வேண்டும். வரிசையைப் பின்பற்றும்போதுதான், கீழ்மூலையில் கிடக்கும் அந்நோயாளியும் எதிர்மூலையில் எழுதப்பட்ட அக்கேள்வியும் ஒரே பலகையில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியவரும்.